விபிஎன் டனலுக்குள் மல்டிகாஸ்ட்: ஜிஎன்எஸ்3 ஆய்வகம் பற்றி ஒரு மதிப்புரை

பிங் போகிறது, கோப்புகள் நகர்கின்றன, ஆனால் தலைமையகத்திலிருந்து மல்டிகாஸ்டாக, அதாவது ஒரே ஓட்டத்தைக் கேட்பவர் அனைவரும் பெறும்படி, அனுப்பப்படும் வீடியோ மட்டும் கிளை அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. பொது நெட்வொர்க்கின் மேல் டனல் என்ற தனிப்பாதை போட்டு அலுவலகங்களை இணைக்கும் விபிஎன் இணைப்புகளைப் பராமரிப்பவர்களுக்கு இந்தப் புகார் புதிதல்ல. ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் இதன் வேரைத் தேடுவது கடினம்; டனலின் இரண்டு முனைகள்தான் நம் கையில் இருக்கின்றன, நடுவில் உள்ள ரவுட்டர்கள் இணைப்பு தருபவருடையவை, அங்கே நடப்பதை எட்டிப் பார்க்க நமக்கு வழியில்லை. அந்த நடுப்பகுதியையும் நம் கைக்குள் கொண்டுவந்து தருகிறது என்பதற்காகவே கணினிக்குள்ளேயே நெட்வொர்க்கைக் கட்டிப் பார்க்க உதவும் ஜிஎன்எஸ்3-ஐப் பல மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். விபிஎன் வழியே மல்டிகாஸ்ட் ரூட்டிங் எங்கே முறிகிறது என்று கண்டுபிடிக்கும் அந்த ஒரு வேலைக்கு இது எவ்வளவு பயன்படுகிறது என்பதை மட்டுமே இந்த மதிப்புரை பேசுகிறது.

ஜிஎன்எஸ்3 ஒரு திறந்த மூல மென்பொருள். ஜெரெமி கிராஸ்மன் தொடங்கிய இத்திட்டம், ஆரம்பத்தில் சிஸ்கோவின் பழைய ரவுட்டர்களைக் கணினியில் இயக்கிக் காட்டும் டைனமிப்ஸ் என்ற நிரலுக்கு ஒரு வரைகலை முகப்பாகவே இருந்தது. இன்று அதே திரையில் க்யூஇஎம்யு மெய்நிகர் இயந்திரங்களையும் டாக்கர் கண்டெய்னர்களையும் இழுத்து வைத்து, கேபிள் செருகுவதைப் போலவே ஒன்றோடொன்று இணைக்கலாம். வணிக ரவுட்டர்களின் இயங்குதளக் கோப்புகளை இது கூடவே தருவதில்லை. அவற்றுக்கான உரிமத்தை நாமே வைத்திருக்க வேண்டும். அதனால் என் ஆய்வகத்தின் பெரும்பகுதியைக் கட்டணமில்லாத மென்பொருள்களைக் கொண்டே அமைத்தேன். ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு டெபியன் மெய்நிகர் இயந்திரம். அதில் ஓஎஸ்பிஎஃப்புக்கும் (ரவுட்டர்கள் பாதைகளைப் பகிரும் நெறிமுறை) பிம்முக்கும் (மல்டிகாஸ்ட் பாதையை அமைக்கும் நெறிமுறை) எஃப்ஆர்ஆர் என்ற மென்பொருள், ஐபிசெக்குக்கு (பாக்கெட்டுகளை மறையாக்கும் முறை) ஸ்ட்ராங்ஸ்வான்.

அமைப்பு மிக எளிமையானது. தலைமை ரவுட்டர், நடு ரவுட்டர், கிளை ரவுட்டர் என்று மூன்று. தலைமை லேனில் 10.1.1.10 என்ற முகவரியில் வீடியோவை அனுப்பும் மூலக் கணினி. கிளை லேனில் 10.3.3.10 என்ற முகவரியில் அதைப் பெறும் கணினி. குழு முகவரி 239.10.10.10. ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் மட்டும் புழங்குவதற்கென்று ஒதுக்கப்பட்ட 239.0.0.0/8 தொகுதியிலிருந்து அதை எடுத்தேன். மல்டிகாஸ்ட் மரத்தின் சந்திப்பு முனையான ஆர்பி, தலைமை ரவுட்டரின் லூப்பேக் முகவரியில் இருக்கிறது. நடு ரவுட்டருக்கு மல்டிகாஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மட்டும் போகும் யூனிகாஸ்ட் பாக்கெட்டுகளையே அது கடத்தும். கொள்கை அடிப்படையிலான ஐபிசெக், இரண்டு முனைகளுக்கு இடையிலான யூனிகாஸ்ட் போக்குவரத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. 224.0.0.13 என்ற முகவரிக்குப் போகும் பிம் ஹலோவை, அதாவது அண்டை ரவுட்டரைக் கண்டறியும் செய்தியை, அது அப்படியே ஏற்றுக்கொள்ளாது. அதனால்தான் மல்டிகாஸ்ட் பாக்கெட்டை முதலில் ஜிஆர்இ என்ற யூனிகாஸ்ட் உறைக்குள் போட்டு, அந்த உறையை ஐபிசெக் கொண்டு மூடுகிறோம். என் ஜிஆர்இ டனலின் முகவரி 172.16.13.0/30.

நடு ரவுட்டரை வேண்டாத சேர்க்கை என்று நினைத்து, முதலில் தலைமை ரவுட்டரையும் கிளை ரவுட்டரையும் நேராகவே இணைத்துப் பார்த்தேன். எல்லாம் ஓடியது, பிம் அண்டை உடனே உருவானது. நடு ரவுட்டரைச் சேர்த்த கணமே அண்டை காணாமல் போனது. டனலின் மறுமுனையான 172.16.13.2-க்கு பிங் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. 'ஷோ ஐபி பிம் நெய்பர்' என்ற கட்டளைக்கு இரண்டு பக்கத்திலும் பதில் வெறுமை. பிங் போகிற டனலில் ஹலோ ஏன் போகவில்லை என்று அமைப்புக் கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிட்டு ஒரு மாலைப் பொழுது முழுவதையும் கழித்தேன். அதில் எதுவும் கிடைக்கவில்லை.

ஜிஎன்எஸ்3-இன் உண்மையான மதிப்பு எனக்குப் புரிந்த இடம் இதுதான். திரையில் உள்ள எந்த இணைப்பின் மீதும் வலது பொத்தானை அழுத்தி, பாக்கெட் பிடிப்பைத் தொடங்கினால் போதும், வயர்ஷார்க் திறந்து அந்தக் கம்பியில் ஓடுவதையெல்லாம் நேரலையாகக் காட்டும். தலைமைக்கும் நடுவுக்கும் இடையில் ஒன்று, நடுவுக்கும் கிளைக்கும் இடையில் ஒன்று என்று இரண்டு பிடிப்புகளைத் திறந்து அருகருகே வைத்தேன். முதல் கம்பியில் 30 விநாடிக்கு ஒருமுறை ஜிஆர்இ உறைக்குள் பிம் ஹலோ வந்தது. இரண்டாம் கம்பியில் அது இல்லை. முதல் கம்பியிலேயே, ஹலோ வந்த மறுநொடியில், நடு ரவுட்டரிலிருந்து தலைமை ரவுட்டருக்கு 'டைம் எக்ஸீடட்' என்ற ஐசிஎம்பி பதில் திரும்பிச் சென்றது. ஹலோவின் வெளி உறையைப் பிரித்துப் பார்த்தேன்: டிடிஎல், அதாவது பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்ற எண், 1.

காரணம் லினக்ஸ் ஜிஆர்இ டனலின் இயல்பில் இருக்கிறது. டனலை உருவாக்கும்போது டிடிஎல் மதிப்பை நாமாகச் சொல்லாவிட்டால், உள் பாக்கெட்டின் டிடிஎல்லையே அது வெளி உறைக்கும் எடுத்துக்கொள்கிறது. சாதாரண பிங் 64 என்ற மதிப்போடு புறப்படுவதால் நடு ரவுட்டரைத் தாண்டிவிடும். பிம் ஹலோவும் ஓஎஸ்பிஎஃப் ஹலோவும் அண்டை வீட்டைத் தாண்டக்கூடாது என்பதற்காக 1 என்ற மதிப்போடு புறப்படுகின்றன. அந்த 1 வெளி உறையிலும் ஏறிக்கொள்வதால், முதல் ரவுட்டரிலேயே அவற்றின் ஆயுள் முடிந்துவிடுகிறது. டனலின் டிடிஎல்லை 255 என்று வைத்ததும் அண்டை உருவானது. இரண்டு ரவுட்டர்களை நேராக இணைத்துச் சோதித்திருந்தால் இந்தப் பிழை ஒருநாளும் வெளிப்பட்டிருக்காது என்பதால், நடுவில் குறைந்தது ஒரு ரவுட்டராவது இல்லாத ஆய்வகத்தில் விபிஎன் மல்டிகாஸ்டைச் சோதிக்கவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அண்டை உருவான பிறகும் வீடியோ வரவில்லை. மல்டிகாஸ்டில் ஒரு பாக்கெட் எங்கே போகிறது என்பதைவிட, அது எங்கிருந்து வந்தது என்பதே முக்கியம். மூலத்தை நோக்கிய யூனிகாஸ்ட் பாதை எந்த இன்டர்ஃபேஸைக் காட்டுகிறதோ, அதன் வழியே வந்த பாக்கெட்டை மட்டுமே ரவுட்டர் ஏற்கும். ஆர்பிஎஃப் என்ற இந்தச் சோதனையில் தோற்ற பாக்கெட் சத்தமில்லாமல் கைவிடப்படும். குழுவின் ஓட்டத்தைக் கேட்டு ரவுட்டர் அனுப்பும் சேரல் செய்தியும் அதே பாதையில்தான் மேல்நோக்கிப் போகும். கிளை ரவுட்டரில் 'ஷோ ஐபி ஆர்பிஎஃப்' என்று கேட்டபோது, 10.1.1.0/24-க்கும் ஆர்பியின் முகவரிக்கும் டனலைக் காட்டவில்லை. நடு ரவுட்டரை நோக்கிய பௌதிக இன்டர்ஃபேஸையே காட்டியது. மூன்று ரவுட்டர்களிலும் ஓஎஸ்பிஎஃப் ஓடியது, டனலின் செலவு மதிப்பு அதிகம், ஆகவே பௌதிகப் பாதை வென்றது. அந்தப் பாதையில் பிம் பேசும் அண்டை யாருமில்லாததால், சேரல் செய்தி போக இடமின்றி நின்றுவிட்டது.

அப்போதுதான் நடுக் கம்பியின் பிடிப்பில் இன்னொன்றையும் கவனித்தேன். மூலத்துக்கும் பெறுநருக்கும் இடையே அதுவரை 'நன்றாகப் போய்க்கொண்டிருந்த' பிங், எந்த உறையும் இல்லாமல், வெட்டவெளியில், சாதாரண ஐசிஎம்பியாக ஓடிக்கொண்டிருந்தது. டனலுக்குள் போனவை ஹலோக்களும் டனல் முகவரிக்கான பிங்கும் மட்டுமே. யூனிகாஸ்ட் சரியாக இருக்கிறது என்று நான் நம்பியது, அது விபிஎன்னைத் தொடாமலே போனதால்தான். மல்டிகாஸ்ட் முறிந்ததால் மட்டுமே இது கண்ணில் பட்டது. ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இப்படி நடந்தால் வீடியோ வராததைவிடப் பெரிய சிக்கல் அதுதான்.

இதைச் சரிசெய்ய நான் எடுத்த முதல் முயற்சி தவறானது. எஃப்ஆர்ஆரில் 'ஐபி எம்ரூட்' என்ற கட்டளையால், மல்டிகாஸ்ட் ஆர்பிஎஃப் சோதனைக்கு மட்டும் பொருந்தும் நிலையான பாதை ஒன்றைச் சேர்க்கலாம். மூலத்தின் நெட்வொர்க்கான 10.1.1.0/24-ஐ டனலுக்குத் திருப்பினேன், ஒன்றும் மாறவில்லை. மாறாதது சரிதான். பெறுநர் ஐஜிஎம்பி வழியே குழுவில் சேரும்போது, கிளை ரவுட்டருக்கு மூலம் யாரென்றே தெரியாது. அது முதலில் ஆர்பியை நோக்கித்தான் (*, ஜி) சேரலை, அதாவது 'மூலம் எதுவானாலும் இந்தக் குழு வேண்டும்' என்ற கோரிக்கையை, அனுப்புகிறது. ஆர்பிக்கான பாதை இன்னும் பௌதிக இன்டர்ஃபேஸைக் காட்டிக்கொண்டிருக்கையில், மூலத்துக்கான பாதையை எவ்வளவு செம்மையாக வைத்தாலும் அதைப் பயன்படுத்தும் கட்டமே வராது. ஆர்பியின் முகவரிக்கும் ஒரு வரியைச் சேர்த்த பிறகு, தலைமை ரவுட்டரின் மல்டிகாஸ்ட் அட்டவணையில் டனல் வெளியேறும் இன்டர்ஃபேஸாகத் தோன்றியது.

இருந்தும் கிளை லேனில் வீடியோ இல்லை. கிளை ரவுட்டரின் டனல் இன்டர்ஃபேஸில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையை ஓட்டினால் பாக்கெட்டுகள் வரிசையாக வருகின்றன. லேன் பக்கம் ஒன்றும் போகவில்லை. இதற்குக் காரணம் லினக்ஸ் கெர்னலின் 'ஆர்பி ஃபில்டர்' என்ற தனிச் சோதனை (இங்கே ஆர்பி என்பது ரிவர்ஸ் பாத், சந்திப்பு முனை அல்ல). பாதுகாப்புக்காக என் மெய்நிகர் இயந்திர வார்ப்புருவில் அதைக் கண்டிப்பான நிலையில், அதாவது 1 என்று, வைத்திருந்தேன். எஃப்ஆர்ஆரில் நான் சேர்த்த மல்டிகாஸ்ட் பாதை அதற்குத் தெரியாது. அது யூனிகாஸ்ட் அட்டவணையை மட்டுமே பார்க்கும். அந்த அட்டவணைப்படி 10.1.1.10 பௌதிகப் பக்கம் இருக்க, பாக்கெட் டனல் வழியே வந்தால் அது போலி என்று கருதித் தள்ளிவிடும். 'என்ஸ்டாட்' கட்டளையில் ரிவர்ஸ் பாத் ஃபில்டர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்த பிறகுதான் இது பிடிபட்டது. பெயரும் நோக்கமும் ஒத்த இரண்டு சோதனைகள், இரண்டு வெவ்வேறு அட்டவணைகள். ஒன்றை மட்டும் திருத்தினால் மற்றது தடுக்கும்.

கடைசியில் நிலையான மல்டிகாஸ்ட் பாதைகளையெல்லாம் நீக்கிவிட்டு, பௌதிகப் பக்கத்திலிருந்து ஓஎஸ்பிஎஃப்பையே எடுத்துவிட்டேன். டனலின் மறுமுனை ரவுட்டருடைய வெளி (பௌதிக) முகவரிக்கு மட்டும் நடு ரவுட்டர் வழியாக ஒரு நிலையான பாதை. லேன்களும் ஆர்பியும் டனலுக்குள் ஓடும் ஓஎஸ்பிஎஃப் வழியாக மட்டுமே அறிவிக்கப்படும். அந்த ஒரே மாற்றத்தில் பிம்மின் சோதனையும் கெர்னலின் சோதனையும் ஒன்றையே சொல்லத் தொடங்கின, வெட்டவெளியில் ஓடிய பிங்கும் டனலுக்குள் வந்தது. அந்த வெளி முகவரியையே டனல் வழியாகக் கற்றுக்கொள்ளும்படி விட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் டனல் தன்னையே தேடிக்கொண்டு மேலும் கீழுமாக ஆடத் தொடங்கும். ஜிஎன்எஸ்3-இல் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டு இதையும் வேண்டுமென்றே செய்து பார்க்கலாம்.

இதுவரை சொன்னவற்றை ஐபிசெக் இல்லாமல், வெறும் ஜிஆர்இ டனலில்தான் செய்தேன். புதிதாக இறங்குபவர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். ஐபிசெக்கை இயக்கியதும் கம்பியில் ஈஎஸ்பி என்ற மறையாக்கிய உறை மட்டுமே தெரியும். உள்ளே ஹலோவா, சேரலா, வீடியோவா என்று சொல்ல முடியாது. ஜிஎன்எஸ்3-இன் பிடிப்பு ஓர் இணைப்பின் மீது நடப்பது; டனல் இன்டர்ஃபேஸ் என்பது ரவுட்டரின் வயிற்றுக்குள் இருப்பது, அதை இந்த வரைகலைத் திரையால் தொட முடியாது. டிசிபிடம்பை ரவுட்டருக்குள்ளேயே ஓட்டலாம், அல்லது ஈஎஸ்பி சாவிகளை 'ஐபி எக்ஸ்எஃப்ஆர்எம் ஸ்டேட்' கட்டளையால் எடுத்து வயர்ஷார்க்கின் அமைப்பில் கொடுத்து, பிடித்த பாக்கெட்டுகளை மறையவிழ்த்துப் பார்க்கலாம். இரண்டாவது வழி கொஞ்சம் உழைப்பைக் கேட்கும்; ஆனால் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு, வெளி உறை எது, ஜிஆர்இ எது, உள் பாக்கெட் எது என்பது அதன் பிறகு மறக்காது.

எம்டியு, அதாவது ஓர் இணைப்பில் போகக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு, பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மல்டிகாஸ்டில் இது யூனிகாஸ்டைப் போல நடந்துகொள்வதில்லை. ஜிஆர்இ உறை 24 பைட்களைச் சேர்ப்பதால், 1500 பைட் கம்பியில் டனலின் எம்டியு 1476. யூனிகாஸ்டில் பெரிய பாக்கெட் வந்தால், ரவுட்டர் 'இது பெரிது' என்று ஐசிஎம்பி மூலம் அனுப்பியவருக்குச் சொல்லும். டிசிபி என்றால் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் வைக்கும் தரவின் உச்ச அளவு) மதிப்பைக் குறைத்து முன்கூட்டியே தடுத்துவிடலாம். மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகும் பாக்கெட்டுக்கு ஐசிஎம்பி பிழைச் செய்தி அனுப்பக்கூடாது என்பது ஐபிவி4-இன் விதி. ஓடுவதும் யுடிபி என்பதால் எம்எஸ்எஸ் திருத்தமும் உதவாது. லினக்ஸிலிருந்து புறப்படும் யுடிபி பாக்கெட்டில் 'துண்டாக்காதே' என்ற டிஎஃப் குறி வழக்கமாக இருக்கும். ஆகவே எம்டியுவைத் தாண்டிய மல்டிகாஸ்ட் பாக்கெட்டை லினக்ஸ் ரவுட்டர் யாரிடமும் சொல்லாமல் கீழே போட்டுவிடுகிறது. கெர்னலின் துண்டாக்கல் தோல்வி எண்ணிக்கை ஒன்று கூடும். அதைத் தவிர வேறு தடயம் இருக்காது.

நான் இதில் சிக்கியது ஐபெர்ஃப் 2 என்ற வேகச் சோதனைக் கருவியால். அதன் யுடிபி பாக்கெட்டின் இயல்பான தரவு அளவு 1470 பைட். ஐபி, யுடிபி தலைப்புகளைச் சேர்த்தால் 1498. அது 1476-க்குள் நுழையாது. மரம் சரியாக அமைந்தும் தரவு வராததால், மீண்டும் பிம்மைச் சந்தேகித்து நேரத்தை இழந்தேன். தரவு அளவை 1316 என்று குறைத்ததும் ஓட்டம் வந்தது. 1316 என்பது நான் குருட்டாம்போக்கில் எடுத்த எண் அல்ல: எம்பெக் போக்குவரத்து ஓட்டத்தில் ஒரு பாக்கெட் 188 பைட், யுடிபியில் வழக்கமாக ஏழு பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்புவார்கள். தலைப்புகளோடு 1344, ஜிஆர்இயோடு 1368, ஈஎஸ்பியையும் சேர்த்தால் சுமார் 1400. 1500-க்குள் வசதியாக அடங்கிவிடும். அதாவது சோதனைக் கருவி தோற்ற அதே டனலில் உண்மையான வீடியோ ஓடியிருக்கும். ஐபெர்ஃப் 2-இல் மல்டிகாஸ்டுக்கு இயல்பான டிடிஎல் 1 என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதை உயர்த்தாவிட்டால் முதல் ரவுட்டரோடு ஆட்டம் முடிந்துவிடும்.

ஆர்பியைத் தலைமையிலிருந்து கிளை ரவுட்டருக்கு மாற்றிப் பார்த்தபோது இன்னொரு ஏமாற்றும் காட்சி கிடைத்தது. ஆர்பிஎஃப் தவறாக இருக்கும்போதே வீடியோ வந்தது. மூலத்துக்கு அருகிலுள்ள ரவுட்டர், முதல் பாக்கெட்டுகளை பிம் ரிஜிஸ்டர் செய்திக்குள் வைத்து ஆர்பிக்கு யூனிகாஸ்டாக அனுப்புகிறது. யூனிகாஸ்ட் என்பதால் அது எந்தப் பாதையிலும் போய்ச் சேரும். இயல்பான மல்டிகாஸ்ட் பாதையில் தரவு வந்தால்தான் ஆர்பி 'ரிஜிஸ்டர் ஸ்டாப்' அனுப்பும். அந்தப் பாதை முறிந்திருப்பதால் அது வரவே வராது, தரவு முழுவதும் ரிஜிஸ்டர் உறைக்குள்ளேயே தொடர்கிறது. பெறுநரின் பக்கம் எல்லாம் நலம். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டையும் உறையிட்டுப் பிரிக்கும் சுமை ரவுட்டர்களின் தலையில். வயர்ஷார்க்கில், பிம்மைக் குறிக்கும் நெறிமுறை எண் 103 கொண்ட யூனிகாஸ்ட் பாக்கெட்டுகள் இடைவிடாமல் ஓடுவதைக் கண்டால் இதைச் சந்தேகிக்க வேண்டும். படம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துச் சோதனையை முடிப்பவர் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

இணைப்பின் மீது வைக்கும் வடிகட்டிகளையும் பாராட்ட வேண்டும். தாமதம், இழப்பு, பாக்கெட் சிதைவு ஆகியவற்றோடு, பிபிஎஃப் என்ற வடிகட்டி மொழியில் வாக்கியம் எழுதி அதற்குப் பொருந்தும் பாக்கெட்டுகளை மட்டும் வீழ்த்தும் வசதியும் இருக்கிறது. டனல் இல்லாத ஓர் இணைப்பில் பிம்மை மட்டும் வீழ்த்தி, தரவை விட்டு வைத்தேன். இயல்பான அமைப்பில் ஹலோவின் ஆயுள் 105 விநாடி, சேரலின் ஆயுள் 210 விநாடி. விதிமுறைப்படி அண்டை மறைந்த பிறகும் மேல்பக்க ரவுட்டரின் சேரல் நிலை அதன் காலம் முடியும் வரை உயிரோடு இருக்கலாம். 'இணைப்பு அறுந்து வெகுநேரம் கழித்துத்தான் வீடியோ நின்றது' என்று பயனர் சொல்லும்போது அவரை நம்ப வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி, இந்த ஆய்வகம் எங்கே போதாது என்பது. ஜிஎன்எஸ்3-இல் உள்ளமைந்த ஈதர்நெட் ஸ்விட்ச் மிகவும் எளிமையானது. விலேன்களைப் புரிந்துகொள்ளும், ஆனால் குழுவில் சேர்ந்த போர்ட்டுகளுக்கு மட்டும் மல்டிகாஸ்டை அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் அதில் இல்லை. எந்த மல்டிகாஸ்ட் பாக்கெட்டையும் எல்லாப் போர்ட்டுகளுக்கும் கொட்டிவிடும். உண்மையான அலுவலகங்களில் மல்டிகாஸ்ட் நிற்பதற்குப் பெரும் காரணங்களில் ஒன்று ஸ்னூப்பிங்தான். உறுப்பினர்களை அவ்வப்போது விசாரிக்கும் கொயரியர் இல்லாமல் உறுப்பினர் பட்டியல் காலாவதியாவது, ரவுட்டர் இருக்கும் போர்ட்டை ஸ்விட்ச் அறியாமல் போவது போன்றவை. அந்தப் பிழைகள் எதுவும் இந்த ஸ்விட்சில் நிகழாது. ஆய்வகத்தில் ஓடிய அமைப்பு கட்டடத்தில் ஓடாததற்கு இது ஒன்றே போதும். ஓப்பன் விஸ்விட்சை ஒரு கண்டெய்னராக இட்டு, அதில் ஸ்னூப்பிங்கை நாமாக இயக்கினால் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கலாம். அங்கும் அது இயல்பாக அணைந்தே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

இறுதிக் கணினியாகப் பலரும் இழுத்து வைக்கும் விபிசிஎஸ் என்ற எளிய மெய்நிகர் கணினி, பிங்குக்கும் டிரேஸுக்கும் நல்லது. மல்டிகாஸ்ட் குழுவில் சேர அதற்குத் தெரியாது. மூலத்துக்கும் பெறுநருக்கும் சிறிய லினக்ஸ் கண்டெய்னர்களையே வைக்க வேண்டும். அப்படி வைக்கும் டாக்கர் கண்டெய்னர்களில், நிலைக்க வேண்டிய அடைவுகளை வார்ப்புருவிலேயே குறிப்பிடாவிட்டால், புராஜெக்ட்டை மூடித் திறக்கும்போது நாம் எழுதிய அமைப்புகள் இருக்காது. வேகத்தை அளக்கவும் இந்த ஆய்வகம் உகந்ததல்ல. ஒவ்வொரு பாக்கெட்டும் மென்பொருளால் கைமாற்றப்படுவதால், இங்கே வரும் இழப்பும் தாமதமும் நம் கணினியைப் பற்றியவை, நெட்வொர்க்கைப் பற்றியவை அல்ல.

பல கிளைகளை ஒரே டனல் இன்டர்ஃபேஸில் சேர்க்கும் டிஎம்விபிஎன் அமைப்பைச் சோதிக்க விரும்புபவர்களுக்கு, உரிமம் உள்ள சிஸ்கோ கோப்பு இருந்தால் டைனமிப்ஸின் 7200 ரவுட்டர் இன்றும் கைகொடுக்கும். அங்கே நான் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்கும் ஒரு காட்சி உண்டு. மையத்தில் 'ஐபி பிம் என்பிஎம்ஏ மோட்' இல்லாத நிலையில், இரண்டு கிளைகள் ஒரே வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கிளை விலகினால், மற்றதற்கும் படம் நின்றுவிடும். சாதாரண லேனில் ஒருவர் அனுப்பும் விலகல் செய்தியை மற்றவரும் கேட்டு, 'எனக்கு வேண்டும்' என்று மறுத்துச் சொல்ல முடியும். டிஎம்விபிஎன்னில் கிளையின் பேச்சு மையத்துக்கு மட்டுமே கேட்கும், பக்கத்துக் கிளைக்குக் கேட்காது. அடுத்த சேரல் செய்தி 60 விநாடிக்குள் போனதும் படம் தானாகத் திரும்பிவிடும். அதனால் இதைப் பிடிப்பது மிகக் கடினம். அந்த ஒரு கட்டளையைச் சேர்த்ததும் மையம் ஒவ்வொரு கிளையின் சேரலையும் தனித்தனியாக நினைவில் வைக்கத் தொடங்குகிறது. ஒரு கிளையில் மூலமும் இன்னொரு கிளையில் பெறுநரும் இருக்கும் அமைப்பில், குறுக்குப் பாதைக்கு மாறும் முயற்சியே ஓட்டத்தை நிறுத்திவிடலாம். கிளைகளுக்கிடையே பிம் அண்டை உறவு இல்லாததே காரணம். கிளை ரவுட்டர்களை மையத்தின் பொது மரத்திலேயே இருக்கும்படி வைப்பது பாதுகாப்பானது.

இந்தத் துறையில் ஏற்கெனவே இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, மல்டிகாஸ்ட் என்றாலே ஒதுங்கிப் போகிறவர்களுக்கு ஜிஎன்எஸ்3-ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முற்றிலும் புதியவருக்கு, மெய்நிகர் இயந்திரங்களை அமைக்கும் ஆரம்ப வேலையே அலுப்பைத் தரக்கூடும். அருகில் யாராவது உதவிக்கு இருப்பது நல்லது. ஸ்விட்ச் சார்ந்த பிழைகளைத் தேடுபவர் உண்மையான ஸ்விட்ச் ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளட்டும்.

புராஜெக்ட் முழுவதையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருப்பதால், மேலே சொன்ன பிழைகளைக் கோப்புக்கு ஒன்றாகத் தனித்தனியே சேமித்து, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் கொடுக்கிறேன். முதலில் கொடுப்பது டிடிஎல் பிழை உள்ள கோப்பு. திறந்ததும் அவர்கள் டனலின் மறுமுனைக்கு பிங் அனுப்பிப் பார்க்கிறார்கள், அது போகிறது. அதன் பிறகு நான் எதுவும் சொல்லாமல், நடுக் கம்பியின் மீது அவர்கள் வலது பொத்தானை அழுத்தும் வரை அருகில் உட்கார்ந்திருக்கிறேன்.